செத்தவீட்டுக் கிடாரமும் எங்கள் அபிவிருத்தித் திட்டமும்

நான்கு நிறத்தில் கோலப்பொடி கொண்டுபோயிருந்தேன். நிலத்தில் ஊரின் வளப்படத்தைக் கீறி, குளம் எங்கே, வாய்க்கால் எங்கே, பொதுக்கிணறு எங்கே என்று சனமே அடையாளமிட வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். பாலைமர நிழலில் முப்பது பேரளவில் கூடியிருந்தார்கள். நான் விளக்கிச் சொல்லி முடிக்கவில்லை, ஓர் ஆச்சி எழும்பி வந்து கையிலிருந்த பொடிப் பையை வாங்கிக்கொண்டார்.

"எங்க கீறுறது தம்பி? இஞ்சயோ, அங்காலயோ?"

ஐந்தே நிமிடம். குளம், வாய்க்கால், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டன. அந்த வருடத்தில் அது அவர் கீறிய நான்காவது படம். முதல் மூன்றும் வேறு மூன்று தொண்டு நிறுவனங்களுக்கு.

இது 2010இல். கிளிநொச்சி மாவட்டம், கரைச்சிப் பிரதேசம், இரணைமடு வாய்க்கால் ஓடி முடிகிற பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். 2008இன் கடைசியில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட சனம், முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், அங்கிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் அடைபட்டு, திரும்பி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கையில் மீள்குடியேற்றக் காசு 25,000 ரூபா, கொஞ்சத் தகரம், ஒரு தறப்பாள், உலர் உணவு அட்டை. கூரையில்லாத சுவர்களுக்குள் தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கண்ணிவெடி அகற்றாத பக்கத்தில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்றன. ஆட்டை அவிழ்த்துவிடவும் பயம்.

நான் அங்கே சமூக ஊக்குவிப்பாளர். வயது இருபத்தாறு. ஊக்குவிக்க வந்தவனுக்கு அந்தச் சனம் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படியான வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள்; ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி அலுத்துவிட்டது.

படம் கீறிய பிறகு முன்னுரிமைகளைக் கேட்டேன். "வீதி, வீடு, வாழ்வாதாரம்" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதை அழகாக எழுதிக்கொண்டுபோய் அறிக்கை கொடுத்தேன். பிறகுதான் விளங்கியது, எல்லா நிறுவனத்துக்கும் அவர்கள் இந்த மூன்று சொல்லைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிணறு கட்டுகிற நிறுவனம் வந்தால் கிணறு முதலாவது. ஆடு கொடுக்கிற நிறுவனம் வந்தால் ஆடு முதலாவது. வந்தவனிடம் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டால்தான் கிடைக்கும் என்பது வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிய சனத்துக்குத் தெரியாதா?

இன்னொன்றும் இருந்தது. இராணுவ முகாமுக்கு அறிவிக்காமல் கூட்டம் வைக்க முடியாத காலம் அது. கடைசிக் கதிரையில் ஊருக்குத் தெரியாத ஒருவர் வந்து இருந்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட இடத்தில் "உங்கள் பிரச்சினை என்ன" என்று கேட்பதே ஒரு வகையில் பிழை. கூட்டத்தில் சொன்னது வேறு, அடுத்த நாள் கிணற்றடியில் சொன்னது வேறு. ஆகவே கூட்டத்துக்கு முதல் நாளும் அடுத்த நாளும் ஊருக்குப் போகத் தொடங்கினேன். கொப்பி, பேனை இல்லாமல். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முகப்பிலேயே விட்டுவிட்டு நடந்து. கூட்ட நாளைவிட அந்த இரண்டு நாட்களும்தான் உண்மையான வேலை. ஆனால் பயணக் கொடுப்பனவுப் பத்திரத்தில் அவற்றுக்குக் காரணம் எழுதத் தெரியாமல் நான் பட்ட பாடு!

அப்படி ஒரு நாள் அந்த ஆச்சிதான் சொன்னார். "எங்களுக்கு முதல்ல சுடலை றோட்டுத் தம்பி. போன மழைக்கு ஒரு பிரேதத்தை முழங்கால் தண்ணிக்குள்ளால காவிக்கொண்டு போனவங்கள். இவ்வளவு பட்டு வந்தும் செத்தவனைக்கூடச் சீரா அனுப்ப ஏலாதெண்டால் என்ன மனுசர்?"

முள்ளிவாய்க்கால் பக்கத்தில் தங்கள் ஆட்களை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று தெரியாத சனம் அது. குழி தோண்டவும் நேரமில்லாமல் ஓடியவர்கள். எங்கள் படிவத்திலோ சுடலைக்கு இடமில்லை. "வாழ்வாதார உட்கட்டமைப்பு" என்று ஒரு தலைப்பு இருந்தது. அலுவலகத்தில் சொன்னபோது ஒருவர் சிரித்தார், "செத்தவனுக்கு என்ன வாழ்வாதாரம்?" சரி. அதே ஒழுங்கைதான் சுடலையைத் தாண்டி வயலுக்கும் போகிறது. "வயற்பாதை புனரமைப்பு" என்று எழுதினோம். காசு வந்தது. ஒரு மதகும் கிறவல் பாதையும் போட்டோம். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் சொல்லட்டும். சனம் கேட்டதற்கும் நன்கொடையாளர் தலைப்புக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் ஊக்குவிப்பாளரின் பாதி வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தப் பாதை வேலையில்தான் மரண உதவிச் சங்கத்தைக் கண்டேன். அதுவரை என் பட்டியலில் அது இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு இவை மூன்றும் பதிவில் இருந்தன. அவற்றோடு ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குழு. நீர்ப் பாவனையாளர் குழு, சிறுவர் பாதுகாப்புக் குழு, அனர்த்த முகாமைத்துவக் குழு, சேமிப்புக் குழு. எண்ணிப் பார்த்தபோது பதினொன்று. ஆட்கள் மட்டும் அதே பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே அக்கா நான்கு குழுவில் பொருளாளர். நான்கு கூட்டத்திலும் கையெழுத்துப் போட்டு, தேத்தண்ணியும் பணிஸும் எடுத்துக்கொண்டு, வீட்டில் சமையல் பிந்திப் போச்சு என்று ஓடுவார். நாங்கள் அதற்குப் "பங்கேற்பு" என்று பெயர் வைத்திருந்தோம்.

மரணச் சங்கத்துக்கு ஒருவரும் பணிஸ் கொடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய இரண்டாம் மாதமே, நாங்கள் யாரும் போவதற்கு முன்பே, அவர்களாகவே அதை மீண்டும் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபா. ஓர் இழவு விழுந்தால் பொழுது படுவதற்குள் அந்த வீட்டுக்குக் குறிப்பிட்ட காசு போக வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் விறகுக்கோ பந்தலுக்கோ வர வேண்டும். ஆண் இல்லாத வீடு என்றால் ஆள் அனுப்பத் தேவையில்லை, சமையல் பக்கம் வந்தால் போதும். கணக்கு, தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில். இறந்தவருக்குப் படைக்கும் எட்டுச் செலவு நாளன்று, சாப்பாடு முடிந்ததும், பொருளாளர் எழும்பிக் கணக்கை வாய்விட்டு வாசிப்பார். செத்தவீட்டில் இருந்துகொண்டு பொய்க்கணக்கு வாசிக்க யாருக்கும் நா எழாது.

யார் கொடுக்க வேண்டும், யாருக்கு விலக்கு, கணக்கை எங்கே எப்போது வாசிப்பது: எங்கள் கைநூலில் நாற்பது பக்கத்தில் இருந்ததெல்லாம் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் பத்து வரியில் இருந்தது.

அந்தச் சங்கத்திடம் கற்ற இன்னொன்று கொஞ்சம் கனமானது. எங்கள் படிவத்தில் "விதவை" என்று ஒரு கட்டம். கணவர் காணாமற்போன ஒரு தங்கச்சி, அந்தக் கட்டத்தில் நான் சரி போடப் போனபோது படிவத்தை இழுத்துக்கொண்டார். "அப்பிடி எழுதாதையுங்கோ அண்ணை. நான் இன்னும் பொட்டு வைக்கிறன்." அந்தக் கட்டத்தில் சரி போட்டால் உதவிப் புள்ளி கூடும் என்று சொல்லியும் கேட்கவில்லை. மரணச் சங்கக் கொப்பியைப் பார்த்தேன். காணாமற்போன ஆண்களின் பெயர்களும் அங்கத்தவர் பட்டியலில் அப்படியே இருந்தன. சந்தாவும் அவர்கள் பெயரிலேயே. நாங்கள் அடுத்த படிவத்தில் "குடும்பத்தைத் தலைமைதாங்கும் பெண்" என்று மாற்றினோம். ஒரு சொல்தான். அதற்குப் பிறகுதான் அந்த வரிசையில் இருந்த பெண்கள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசத் தொடங்கினார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பந்தல் போட்டுக் குந்தியபோது, அந்தத் தங்கச்சியும் முறை வைத்துப் போய் இருந்தார். மரணச் சங்கத்தின் கதிரைகளில் நாலைந்து அங்கே நின்றதைக் கண்டேன்.

இனி வீட்டுத் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிழைகள் கூடுதலாக இதில்தான்.

இந்திய உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுப்பதில்லை; பயனாளியே தன் வீட்டைக் கட்ட வேண்டும். 550,000 ரூபா, வேலை நகர நகரக் கட்டம் கட்டமாக நேரே அவரது வங்கிக் கணக்குக்கு. வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. நான் அப்போது தொழில்நுட்ப உத்தியோகத்தர்களோடு சமூகப் பக்க வேலையில் இருந்தேன். கொள்கையில் இதைவிட நல்ல முறை இல்லை என்பதே இன்றும் என் எண்ணம். தன் வீட்டுக் கல்லைத் தானே தட்டிப் பார்த்து வாங்கும் ஆளை எந்த ஒப்பந்தக்காரரும் ஏமாற்ற முடியாது.

ஆனால் அத்திவாரம் வெட்டுகிற நாளில் நாங்கள் பக்கத்தில் நிற்கவில்லை. இருபது வருடம் ஓடி ஓடிக் கொட்டிலில் இருந்த மனிதர், வாழ்க்கையில் ஒருமுறை கட்டுகிற வீடு. இரண்டடி தள்ளி வெட்டினால் ஒரு அறை பெருக்குமே என்று தோன்றாதா? தள்ளி வெட்டினார்கள். அத்திவாரத்தில் இரண்டடி என்பது சுவரில் எத்தனை கல், கூரையில் எத்தனை மரம் என்று அப்போது யாரும் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. முகட்டுக்கு வந்தபோது காசு முடிந்துவிட்டது. கூரைக்கு மரம் வேண்டும்; போரில் தலை போன பனைகள்தான் எங்கும் நின்றன. பனை தறிக்க அனுமதியும் வேண்டும். வெளியிலிருந்து வந்த மரத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டில் தம்பியோ தங்கையோ இருந்த வீடுகள் எழும்பின. இல்லாதவர்கள் தாலிக்கொடியை அடைவு வைத்தார்கள்.

இரண்டாவது தொகுதி வீடுகளில் வேறு மாதிரிச் செய்தோம். யோசனை எங்களுடையதல்ல, மரணச் சங்கப் பொருளாளர் அக்காவுடையது. பத்து வீடு ஒரு குழு. அத்திவாரம் வெட்டும் நாளில் பத்து வீட்டாரும் வளவில் நிற்க வேண்டும், கயிறு பிடித்து அளவு பார்க்க வேண்டும். கூட்டி வெட்டுவதென்றால் அதற்கான காசை முதலில் கண்ணில் காட்ட வேண்டும். சீமெந்தும் மரமும் சேர்த்து வாங்கினார்கள். லொறி வாடகை பத்தாகப் பிரிந்தது. மேசன்மார் பெரிய தலையிடி. முற்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு ஊரில் வேலைக்குப் போய்விடுவார்கள், தனியாக இருக்கும் பெண்ணின் வீடு பாதியில் நின்றுவிடும். ஆகவே மேசனோடு பேசுவது குழு. ஒரே நேரத்தில் மூன்று வீட்டுக்கு மேல் கை வைக்கக் கூடாது. ஆண் துணையில்லாத வீடு முதலாவது. குழு பார்த்த பிறகுதான் மிச்சக் காசு.

சிக்கல் இல்லாமல் போனது என்று நினைக்க வேண்டாம். சீமெந்துப் பை நான்கு குறைந்து, இரண்டு குடும்பம் இன்றுவரை ஒருவரோடொருவர் கதையில்லை. அந்த நான்கு பை எங்கே போனது என்பது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

சிரமதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சமூகப் பங்களிப்பு" என்று திட்டத்தில் ஒரு வீதம் காட்ட வேண்டும், அதைச் சனத்தின் உடல் உழைப்பாகக் காட்டுவது சுலபம். கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீட்டுக்கு ஒரு நாள் இலவச உழைப்பு என்பது ஒரு நாள் பட்டினி. வசதியானவர் ஆள் வைத்து அனுப்பினார், வசதியில்லாதவர் தானே வந்தார். கணக்கில் இருவரும் ஒன்று. இதை நான் கவனிக்கவே இரண்டு வருடமானது, அதுவும் ஒரு அக்கா மண்வெட்டியை என் காலடியில் போட்டுவிட்டுப் போன பிறகு.

நுண்கடன் கதைக்கு வருகிறேன். இதில் எங்களுக்கும் பங்கிருக்கிறது, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஐந்து பேர், பத்துப் பேராகப் பெண்களைச் சேர்த்து, கூடிச் சேமிக்கவும் ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்கவும் நாங்கள் பழக்கினோம். திட்டம் முடிந்து நாங்கள் போனோம். கடன் கம்பனிகள் வந்தன. அவர்களுக்கு வேலை மிச்சம்: குழு தயாராக இருக்கிறது, தலைவி இருக்கிறார், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்டும் பழக்கமும் இருக்கிறது. கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் பொடியன்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற நால்வரையும் அவள் வீட்டு வாசலில் இருத்திவைப்பார்கள். 2016, 17 வறட்சியில் வயல் பொய்த்தபோது ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தார்கள். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவைகளை அரசு பொறுப்பெடுத்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அதற்கிடையில் அந்தக் குழுக்கள் உடைந்துவிட்டன. கூடச் சேமித்தவர்களே வாசலில் வந்து குந்தினால் எப்படி முகம் பார்ப்பது?

மரணச் சங்கம் இதில் ஒரு முடிவு எடுத்தது. சங்கக் கொட்டிலில் எந்தக் கம்பனியும் காசு சேர்க்கக் கூடாது. செத்தவீடு நடக்கும் எட்டு நாளும் அந்த ஒழுங்கைக்குள் கடன்காரப் பொடியன்கள் வரக் கூடாது. வந்தால் மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகாது என்று இளைஞர் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. நான் அதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2018 டிசம்பரில் வெள்ளம். வறட்சி முடிந்ததே என்று மகிழ்வதற்குள் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் தண்ணீருக்குள். விடியப்புறம் அந்த ஊரில் இருந்து அழைப்பு வந்தது. அனர்த்த முகாமைத்துவக் குழு என்று ஒன்றை நான் நேரே நின்று அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒலிபெருக்கி, மஞ்சள் அங்கி, மீட்புக் கயிறு, எல்லாம் ஒரு பெட்டிக்குள். அந்தப் பெட்டியின் திறப்பு வைத்திருந்தவர் அன்றைக்கு வவுனியாவில். பெட்டி வெள்ளத்துக்குள்.

வேலை செய்தது செத்தவீட்டுக் கிடாரம், ஊருக்கே சமைக்கிற அந்தப் பெரிய பாத்திரம். பள்ளிக்கூட மேட்டில் விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிட்டார்கள். மரணச் சங்கத்தின் தறப்பாள் பந்தல், கதிரைகள், இரவலுக்கு எடுக்கும் ஜெனரேற்றர். யார் தனியாக இருக்கிறார், யார் படுக்கையில் என்பது அந்தக் கொப்பியில் இருந்தது, அடுத்த இழவு எந்த வீட்டில் விழலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! உழவு இயந்திரப் பெட்டியில் அந்த வரிசைப்படியே கிழடுகளை ஏற்றி வந்தார்கள். நிவாரணச் சமையல் சாமான்கள் வந்து சேர்ந்தபோது இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. வந்த அரிசியை அளந்து வாங்கிக் கொப்பியில் பதிந்தார் பொருளாளர் அக்கா. தண்ணீர் வற்றி மூன்றாம் நாள், வழக்கப்படி கணக்கு வாசிக்கப்பட்டது. இறந்தவர் யாருமில்லாத முதல் கணக்கு என்று யாரோ பகிடி விட்டார்கள்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. உங்கள் தேவை என்ன என்று கேட்பதில்லை. கடைசியாக இங்கே நடந்த செத்தவீடு எப்படி நடந்தது, யார் பந்தல் போட்டது, யார் காசு சேர்த்தது என்று கேட்கிறேன். ஊரில் எது வேலை செய்கிறது, யார் சொல்லை யார் கேட்பார், யாரை யாரும் எண்ணுவதில்லை, எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். அழைக்கப்படாத வீடு ஒன்று இருக்குமானால் அதுவும் வரும். ஏனென்றால் இந்தச் சங்கங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது. நான் சொல்லும் இந்த ஊரிலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து இருபது குடும்பத்தைச் சங்கத்தில் சேர்க்கப் பல வருடம் பிடித்தது. வெள்ளத்தன்று ஒரே கிடாரத்தில் சாப்பிட்ட பிறகு, தை மாதத்தில்தான் அவர்களின் பெயர்கள் கொப்பியில் ஏறின. ஊரின் பழைய அமைப்பு என்றதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆவணங்களில் "சமூகமே முன்னின்று நடத்தும் அபிவிருத்தி" என்று எழுதுவோம். அதன் அசல் முகத்தை நான் கண்டது எந்தத் திட்டத்திலுமல்ல, பூநகரிக் கரைக்கு அப்பால் கடற்படை வசமிருந்த இரணைதீவில். 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதா நகரில் இருந்த கடற்றொழில் குடும்பங்கள், ஒரு வருடமளவு போராட்டப் பந்தலில் இருந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள். உதவிகளெல்லாம் அதற்குப் பின்னால்தான் போயின.

பிறகு 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை, 2022இல் டீசல் வரிசை, மண்ணெண்ணெய் இல்லை. கடைசி வாய்க்காலில் இருந்தவர்களுக்கு விளைச்சல் பாதியாய்ப் போன போகங்கள். சங்கம் மூன்று மாதம் சந்தா வாங்கவில்லை. ஆனால் இழவுக் காசைக் குறைக்கவும் இல்லை. சேமிப்பில் இருந்து கொடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் மூன்று செத்தவீடு. கொப்பியில் கடைசியில் மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாதான்.

போன முறை போனபோது பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கனடாவில் இருக்கும் பொடியன்கள் தகனக் கொட்டகைக்கு மாபிள் போட்டுத் தருகிறார்களாம். இளைஞர்களுக்கு ஒலிபெருக்கிச் செற் வேண்டும். பொருளாளர் அக்காவுக்கு இப்போது கண்ணாடி. கொப்பியைத் தூரப் பிடித்து வாசிக்கிறார். கிடாரத்தின் காது ஒன்று கழன்றுவிட்டது, முதலில் அதை ஒட்ட வேண்டும், சந்தாவை இருநூறாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இருநூறு கூட என்று பாதிப்பேர். மாபிளில் மழைக்கு வழுக்கும், பாடை காவிகள் விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒருவர். என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். நான் வெளியாள், எனக்கு வாக்கில்லை என்றேன். "அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சும்மா இருங்கோ" என்றார் அக்கா. கிளிநொச்சிக்குக் கடைசி பஸ்ஸுக்கு நான் எழும்பும்வரை இருநூறா நூற்றைம்பதா என்று முடிவாகவில்லை.